சித்தப்பாவின் பென்டிரைவ்

அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். திரையின் வலது மூலையில், கீழே, ஒரு சின்னக் கட்டத்துக்குள். 'உங்கள் ஊரில் தனியாக இருக்கிறேன்' என்று தமிழில் எழுதியிருந்தது. ஊரின் பெயரையும் போட்டிருந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டி.

பெருக்கல் குறியை அழுத்தினேன். அவள் போனாள். அவள் இருந்த இடத்தில் ரம்மி விளம்பரம் வந்தது. அதையும் மூடினேன். 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இங்கே அழுத்தவும்' என்று சிவப்பில் ஒன்று வந்தது. வந்ததில் அது ஒன்றுதான் பொய் சொல்லவில்லை. ஆனால் அதையும் அழுத்தக் கூடாது.

"என்னடி கருமம் இது?"

அம்மா பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"விளம்பரம்மா."

"நீ கூப்புடாமயே வருதா?"

"ஆமாம்மா."

"கூப்புடாம யாரு வருவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். எனக்குக் காது சூடானது. செய்யாத காரியத்துக்கு வெட்கப்படுவது எனக்குச் சுலபமாக வரும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு எனக்கு மாதிரி வகுப்பு. சென்னையில் இருக்கும் ஓர் ஆன்லைன் டியூஷன் நிறுவனம். நான் வேதியியல் பி.எஸ்சி. போனில் ஒரு முறை பேசிப் பார்த்து, சரி, ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டரில்தான் நடத்த வேண்டும். என் திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் படம் வரைந்து விளக்க வேண்டும். அமிலம், காரம், உப்பு. என் திரையில் எது வந்தாலும் அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் திரையிலும் வரும். அவளும் வருவாள்.

வேலை கிடைக்காவிட்டால் ஓசூர். என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் அங்கே கம்பெனிகளில் இருக்கிறார்கள். கம்பெனி விடுதி, கம்பெனி பஸ், ஷிஃப்ட். அப்பா சொல்லிவிட்டார். "சனிக்கிழம பாரு. ஆவலன்னா மாரியம்மன் பண்டிக முடிஞ்சதும் ஓசூரு. படிச்சுட்டு வூட்டுல குந்திட்டு இருக்க வேணாம்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதாவது இருக்கலாம்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. பஸ்ஸில் நடத்துநரிடம் ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொல்வேன். அறைக்கு ஆறு பேர் இருக்கும் விடுதியில் என்னால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் பேசிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. போனில் பேசிய நிறுவனத்து அமுதவல்லி மேடம் ஒரே ஒரு குறைதான் சொன்னார். "பாடம் நல்லாத் தெரியுது. குரல்தான் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. சனிக்கிழமை கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

குரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கம்ப்யூட்டர்.

அது பொம்மிடியில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அப்பா வாங்கி வந்தது. கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்திருக்கும். கேமராவும் மைக்கும் அதோடு வந்தவை. முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம். வீட்டில் மூன்று ஓட்டை உள்ள பிளக் அங்கேதான் இருக்கிறது.

புதன்கிழமை காலையிலிருந்து சுத்தம் செய்தேன். இணையத்தைத் துண்டித்தேன். சேஃப் மோடில் திறந்தேன். அதில் தேவையானது மட்டும்தான் ஓடும், ஒட்டிக்கொண்டது ஓடாது. யாரும் போடாத மென்பொருள்கள் வரிசையாக இருந்தன. வீடியோ பிளேயர் என்ற பெயரில் ஒன்று, வேகம் கூட்டும் கருவி என்று ஒன்று. நீக்கினேன். ஒன்று நீங்க மறுத்தது. அது ஓடிக்கொண்டிருக்கும் இடத்தைத் தேடி நிறுத்திவிட்டு நீக்கினேன். பிரவுசருக்குள் போய், ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன்களை எடுத்தேன். எந்தெந்தத் தளத்துக்கு மூலையில் வந்து கூவ அனுமதி கொடுத்திருக்கிறது என்று பார்த்தேன். பக்கம் முழுக்க இருந்தது. ஒவ்வொன்றாகத் தடுத்தேன். குறிப்பிட்ட நேரத்தில் தானாக எழுந்து ஓடும்படி ஏதோ ஒன்று தன்னைத்தானே பதிந்து வைத்திருந்தது. அதையும் அழித்தேன். கடைசியில் முழு ஸ்கேன்.

ஆய்வகத்தில் கரைசல் அளக்கும் பியூரெட்டைக் கழுவுவது போலத்தான். ஒரு சொட்டு பழைய கரைசல் உள்ளே இருந்தால் கணக்கு முழுவதும் தப்பாகும். கல்லூரியில் என் பியூரெட் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

மத்தியானம் கம்ப்யூட்டரை மறுபடி திறந்தேன். மூலை காலியாக இருந்தது. அந்தக் காலி மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டேன்.

சாயங்காலம் மாயவன் சித்தப்பா வந்தார்.

அவர் அப்பாவுக்குப் பங்காளி. அப்பாவின் சித்தப்பா மகன். தக்காளி மண்டிக்கு வண்டி ஓட்டுகிறார். எங்கள் பங்காளிகள் மாரியம்மன் பண்டிகைக்கு வைக்கும் ஃபிளெக்ஸ் அவர் பொறுப்பு. அதில் எல்லார் முகமும் வர வேண்டும். மூத்தவர்கள் மேலே பெரிதாக, இளையவர்கள் கீழே வட்டத்துக்குள் சின்னதாக. ஒரு முகம் விட்டுப்போனால் அந்த வீட்டுக்காரர் அடுத்த பண்டிகை வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒருவர் முகம் இன்னொருவர் முகத்தைவிடச் சின்னதாகிப்போய், பொது மோட்டாரில் தண்ணீர் முறையே நின்ற வருடமும் உண்டு. பெண்களின் முகம் அதில் வராது. அதனால் யாரும் சண்டை போட்டதில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது என்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் பென்டிரைவ். சித்தப்பா வீடு வீடாகப் போய்ப் படத்தைச் சேர்த்து, எங்கள் கம்ப்யூட்டரில் வைத்து, யார் எந்த வரிசை என்று அடுக்கி, கடைக்குக் கொண்டுபோவார். கடையிலிருந்து டிசைனை வாங்கி வந்து எங்கள் வீட்டில் பார்ப்பார். திருத்தம் சொல்லத் திரும்பக் கடைக்கு.

"பாப்பா, அந்தப் பொட்டியத் தொறந்து வுடு. அண்ணி, காப்பி இருக்குதுங்களா?"

எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். அதன் வளையத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. நான் காபி போட அம்மாவுக்கு உதவப் போனேன். திரும்பி வந்தபோது திரையில் பங்காளிகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கப்பன் போட்டோ எங்க? பழசு வேணாம், அதுல திருடன் மாதிரி இருக்கறான்."

"எடுத்துத் தர்றேன் சித்தப்பா."

வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூலையில் அவள் இருந்தாள். தனியாகத்தான் இருந்தாள்.

எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை. எதையோ சரியாகக் கழுவவில்லை. மறுபடி எல்லாவற்றையும் பார்த்தேன். நேற்று நீக்கியவை எல்லாம் வேறு பெயரில் இருந்தன. கீபோர்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. மெதுவாகத் தள்ளி வைத்தேன். நான் கோபப்பட்டால் பொருள்களுக்குக்கூடத் தெரியாது.

அப்பா பாப்பிரெட்டிப்பட்டியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஆரோக்கியராஜ் அண்ணனின் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை என் முன்னால் நீட்டினார். தன் போனை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

"சொல்லும்மா, என்ன பிரச்சன?"

"ஆட்ஸ் வருதுங்கண்ணா."

"என்னாது?"

"ஆட்ஸ்."

"ஆட்ஸா? என்ன மாதிரி ஆட்ஸ்மா? ரம்மியா, பொம்பளைங்களா?"

அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுங்கண்ணா."

"துணியோடவா, துணியில்லாமயா? அதப் பொறுத்துத்தான் எந்த எடத்துல இருந்து வருதுன்னு சொல்ல முடியும்."

அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார். மாட்டுக்கு அன்று ஒன்றும் இல்லை.

ஆரோக்கியராஜ் அண்ணன், ஃபார்மேட் அடித்துவிடலாம், ஆனால் பண்டிகை முடிந்துதான் கை ஒழியும் என்றார். "யாராச்சும் தம்பிங்க நைட்ல ஒக்காந்து பாக்கறாங்களாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தம்பி இல்லை. வீட்டில் அப்பாவும் அம்மாவும் நானும்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டேன். எதற்குச் சரி என்று சொன்னேன் என்று நினைத்து நினைத்து அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை சுத்தம் செய்யும்போதுதான் அதைப் பார்த்தேன். ஆன்டிவைரஸ் தான் பிடித்தவற்றை எழுதி வைக்கும் பக்கம் ஒன்று உண்டு. அதில் புதன்கிழமை சாயங்காலம் ஒரு பதிவு இருந்தது. பிடித்திருக்கிறது. எச்சரிக்கை காட்டியிருக்கிறது. யாரோ 'அனுமதி' என்று கொடுத்திருக்கிறார்கள். இடம் என்ற கட்டத்தில் கம்ப்யூட்டரின் டிரைவ் இல்லை. வெளியே இருந்து சொருகிய டிரைவின் எழுத்து இருந்தது.

நான் காபி போட உதவிக்கொண்டிருந்த நேரம்.

அம்மாவிடம் சொன்னேன். "சித்தப்பாவோட பென்டிரைவ்லதாம்மா இருக்கு. ஃபிளெக்ஸ் கடையில ஒட்டிட்டு வருது. அவரு இங்க சொருவறாரு. நான் சுத்தம் பண்றேன். அவரு மறுபடி கடைக்குப் போறாரு. மறுபடி இங்க வர்றாரு."

அம்மா பதறிப்போய் வாசலைப் பார்த்தாள். "அவருகிட்டப் போயி இத வாயத் தொறந்து சொல்லிடாத. உங்ககிட்ட இருந்துதான் எங்களுக்கு வந்துச்சுன்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"உண்மை அதுதானேம்மா."

"அதனாலதான் சொல்லாதங்கறன்."

அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "பண்டிக முடியட்டும்" என்றார். எல்லாவற்றுக்கும் பண்டிகை முடிய வேண்டியிருந்தது. மாதிரி வகுப்பு மட்டும் பண்டிகைக்கு முன்னால் இருந்தது.

அப்புறம் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அந்த போட்டோவு. எடுக்கறயா?"

அவர் சவரம் செய்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். வேலிப் பக்கம் சுவருக்கு முன்னால் நின்றார். நான் என் போனில் எடுத்தேன். சிரிக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. அவராகவே கொஞ்சம் சிரித்தார். படம் நன்றாக வந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தேவல" என்றார். போனைத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, அவர் பெயரிலேயே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா வரும்போது தயாராக இருந்தேன். கம்ப்யூட்டர் சுத்தமாக இருந்தது. நாற்காலியை விட்டு எழவில்லை. "குடுங்க சித்தப்பா, நானே சொருவறேன்" என்றேன்.

சொருகினேன். உள்ளே ஃபோல்டர்கள் இல்லை. ஃபோல்டர் போலத் தெரியும் ஷார்ட்கட்கள்தான் இருந்தன. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் முன்னால் வந்து நிற்கும். அழுத்தினால் படமும் திறக்கும், வைரஸும் இறங்கும். ஸ்கேன் கொடுத்தேன். பச்சைக் கோடு ஊர்ந்தது.

"என்ன பாப்பா இது, அட்டப் பூச்சியாட்டம் ஊருது?"

"ஸ்கேன் சித்தப்பா."

"எதுக்கு?"

"வைரஸ் இருக்கான்னு."

"எதுல?"

நான் திரையைப் பார்த்தபடி சொன்னேன். "பென்டிரைவ்ல."

"எம் பென்டிரைவுலயா?" அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க அண்ணி, இங்க வாங்க. உங்க புள்ள சொல்றதக் கேளுங்க. எம் பென்டிரைவுக்கு நோயாமா."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று என்னை முறைத்தாள்.

"இது எங்க இருக்குது தெரியுமா உனக்கு? சாமி மாடத்துல. அம்மன் படத்துக்குக் கீழ. பண்டிக வேலைக்கு மட்டுந்தான் எடுக்கறது. எங்க வூட்டுல குளிக்காம ஒருத்தரு தொட மாட்டாங்க. அதுல எங்கிருந்து வரும் நோயி?"

குளித்துவிட்டுத் தொடுவதற்கும் இந்த வைரஸுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல நினைத்தேன். 'கடையில' என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஸ்கேன் முடிந்து, பிடித்ததை எல்லாம் அழித்துவிட்டு நின்றது. ஷார்ட்கட்கள் போய்விட்டன. உண்மையான ஃபோல்டர் இன்னும் மறைவில் இருந்தது. திரையில் ஒன்றுமே இல்லை. வெள்ளை.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "எங்க?"

"இருக்கு சித்தப்பா."

"எங்க இருக்குது? பங்காளிங்க மொகத்த எல்லாம் தொடச்சுப்புட்டயே! அண்ணா! இங்க வா, வந்து பாரு உம் பொண்ணு பண்ணி வெச்சிருக்கற வேலைய!"

"மறைஞ்சிருக்கு, ஒரு நிமிசம்." தேய்ந்துபோன எழுத்துகளில் ஒரு கட்டளையைத் தட்டினேன். தப்பாகத் தட்டினேன். மறுபடி தட்டினேன். ஃபோல்டர் வந்தது. முகங்கள் வந்தன. சித்தப்பா ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் சொல்லி எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள்.

"இதுல அப்பா படத்தப் போடறேன்" என்று படத்தை அதற்குள் நகலெடுக்கக் கொடுத்தேன். பழைய கம்ப்யூட்டர். கோடு பாதி வரை வந்து யோசித்தது.

சித்தப்பா கையை நீட்டிப் பென்டிரைவைப் பிடுங்கினார். "போதும் ஆத்தா. இருக்கறதுங்கூடப் போயிடும்."

"அது முடியல சித்தப்பா..."

அவர் கேட்கவில்லை. என் குரல் அவ்வளவு தூரம் போகாது. வாசலில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. டம்ளரில் பாதிக் காபி இருந்தது.

அவர் போன பிறகு கம்ப்யூட்டரின் முன்பக்கம் பென்டிரைவ் சொருகும் ஓட்டைகளின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினேன். பின்பக்கம் கை நுழையாது, சுவர் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "அதுக்குமா அடிபட்டுச்சு?" என்றாள்.

சனிக்கிழமை. நாலு மணிக்கு முன்பே அம்மாவிடம் சொன்னேன். "யார் வந்தாலும் உள்ள வுடாத. வகுப்பு முடியற வரைக்கும்." அம்மா சரி என்றாள். அவளுக்கும் இந்த வகுப்பு வேண்டும். ஓசூருக்கு அனுப்பினால் வாரத்தில் ஒரு நாள் போனில் அழ வேண்டியது அவள்தான்.

திரையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். ஓரத்தில் அமுதவல்லி மேடம், முகம் காட்டாமல், பெயராக மட்டும். நான் திரையைப் பகிர்ந்தேன். மூலையைப் பார்த்தேன். காலி.

"எலுமிச்சம்பழம் ஏன் புளிக்குது?" என்று கேட்டேன்.

"மிஸ், கேக்கல" என்றது ஒரு பையன் குரல்.

"எலுமிச்சம்பழம் ஏன்..."

"மிஸ், மைக் ஆன்ல இருக்கா?"

இருந்தது. தொண்டைதான் ஆஃபில் இருந்தது. மறுபடி சொன்னேன். யாரோ சிரித்தார்கள். படம் வரைந்தேன். வரைவது வந்தது. நீல லிட்மஸ், சிவப்பு லிட்மஸ். நான் பேசுவதும் அவர்கள் 'கேக்கல மிஸ்' என்பதும் மாறி மாறி நடந்தது.

வாசலில் பைக் நின்றது.

அம்மாவின் குரல் கேட்டது. "பாப்பா உள்ள கிளாஸ் எடுத்துட்டு இருக்குதுங்க. கொஞ்ச நேரம் ஆவட்டுங்களே." சித்தப்பாவின் குரல் அதைத் தாண்டி வந்தது. "ஒரு நிமிசம் அண்ணி. ராத்திரி பிரிண்ட்டு போவுது. அண்ணன் போட்டோ மட்டும் இல்ல. எல்லாரு மொகமும் இருக்குது, மூத்தவன் மொகம் இல்லன்னா நல்லாவா இருக்கும்?" பங்காளியை வாசலில் நிறுத்த அம்மாவால் முடியாது. எந்த வீட்டிலும் முடியாது.

அவர் முன்னறைக்கு வந்தார். மேசைக்குப் பக்கத்தில் குனிந்தார். கேமராவில் அவருடைய தோள் தெரிந்தது. "நீ பேசிட்டே இரு பாப்பா, நான் எடுத்துக்கறன்" என்று மெதுவாகச் சொன்னார். உண்மையிலேயே மரியாதையாகத்தான் சொன்னார். பிளாஸ்திரியைப் பார்த்தார். "இதென்ன" என்று நகத்தால் உரித்தார். மஞ்சள் கயிறு கட்டிய பென்டிரைவ் கடையிலிருந்து நேராக வந்திருந்தது. ஓட்டையைத் தேடியது.

"சொருவாதீங்க!"

அது என் குரல் என்று எனக்கே முதலில் தெரியவில்லை.

"கைய எடுங்க சித்தப்பா! அதுல வைரஸ் இருக்குது. எத்தன தடவ சொல்றது? மூணு நாளா அதத்தான் கழுவிட்டு இருக்கறேன். சாமி மாடத்துல வெச்சா வைரஸ் போவாது. எடுங்க!"

சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா வாய்மேல் கை வைத்தாள். திரையில் பிள்ளைகள் எல்லாரும் கேமராவை நெருங்கி வந்திருந்தார்கள். அந்த ஒரு கணத்தில் எல்லார் கண்ணும் பெரிதாக இருந்தது.

"இப்ப கேக்குது மிஸ்" என்றான் அந்தப் பையன்.

சித்தப்பா நிமிர்ந்தார். பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டார். அம்மா, "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று பின்னாலேயே ஓடினாள். "வேணாங்க" என்றார். எங்கள் வீட்டில் அவர் காபி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நான் திரையின் பக்கம் திரும்பினேன். அதே குரலில்தான் தொடர முடிந்தது, இறக்க வழி தெரியவில்லை. "எலுமிச்சம்பழம் ஏன் புளிக்குது?" என்று முன்னறை அதிரக் கேட்டேன். எல்லாரும் ஒன்றாகப் பதில் சொன்னார்கள்.

வகுப்பு முடிந்த உடனே அப்பாவின் படத்தை என் போனிலிருந்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். படமாக அனுப்பாமல், முகம் உடையாதபடி கோப்பாக அனுப்பினேன். 'இதை அப்படியே கடைக்கு அனுப்புங்க சித்தப்பா, உடையாது. கோபத்துல பேசிட்டேன்' என்று எழுதினேன். இரண்டு டிக்கும் நீலமாகின, பார்த்துவிட்டார். பதில் இல்லை.

பதில் அமுதவல்லி மேடத்திடமிருந்து வந்தது. போனில். "பாதி வரைக்கும் ஒண்ணுமே கேக்கலங்க. அப்புறம் திடீர்னு நல்லா கேட்டுச்சு. என்ன ஆச்சு?"

"வைரஸ் மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "பசங்க உங்களையே கேக்கறாங்க. எட்டாம் வகுப்பு மட்டும் இப்போதைக்குத் தர்றோம். திங்கக்கிழமையில இருந்து. வீட்டுச் சத்தம் இருக்கக் கூடாது."

அம்மாவிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். அவள் கண் வாசலில் இருந்தது. "காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டாரே."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எதிரில், ரோட்டு முனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அப்பா கடைக்குப் போகும் வழியில் நின்றார். நானும் கூட இருந்தேன். நடுவில் அம்மன். இரண்டு பக்கமும் பங்காளிகள். மேல் வரிசையில் மூத்தவர்கள். அந்த வரிசையின் கடைசியில் ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தில் தாமரைப் பூ இருந்தது. அழகான தாமரை. கொஞ்சம்கூட உடையவில்லை.

ஊரே மாமா என்று கூப்பிடும் கருப்பண்ணன் டீக்கடை பெஞ்சிலிருந்து கேட்டார். "என்ன கிருஷ்ணப்பா, எல்லாரும் நிக்கறாங்க, உன்னக் காணோம்?"

அப்பா ஃபிளெக்ஸைப் பார்த்தபடியே சொன்னார். "வூட்டு கம்ப்யூட்டர் சரியில்லீங்க மாமா. போட்டோ வரல."

எங்கள் வீட்டில் இப்போது சரியாக இருப்பது கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதைச் சரி செய்தது நான். படம் போய்ச் சேர்ந்தது. நீல டிக் விழுந்தது. எல்லாவற்றையும் நேற்றைய குரலில் டீக்கடைக்கே கேட்கும்படி சொல்ல நினைத்தேன். அந்தக் குரல் வரவில்லை. வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன் போல.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குப்பா" என்றேன். அவருக்கு மட்டும் கேட்டது.

"தெரியும். நட" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். உரிந்து தொங்கிய பிளாஸ்திரியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. எழுந்து மோட்டார் ரூமுக்குப் போய், வயருக்குச் சுற்றும் கருப்பு டேப்பை எடுத்து வந்தார்.

"எது எது சொருவற எடம்?"

காட்டினேன். பல்லால் டேப்பைக் கடித்துக் கடித்து ஒட்டினார். ஒன்றின் மேல் ஒன்றாக, நாலு மடிப்பு. அவர் கை நன்றாகப் பழகிய வேலை. யார் நகமும் அதை இனி உரிக்காது.

மைக் சொருகும் ஓட்டையையும் சேர்த்து ஒட்டிவிட்டார். அதை மட்டும், அவர் மாட்டுப் பக்கம் போன பிறகு, பிளேடால் கீறி எடுத்தேன்.